மீட்ட நாய்க்கு முதல் நாளே விருந்து வைக்காதீர்கள்

குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன ஒரு வீட்டின் பின்புறம். தண்ணீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டப்பட்டுக் கிடந்தது அந்தப் பெட்டை நாய். சங்கிலி ஓர் ஆள் நீளம்கூட இருக்காது. அது எட்டும் தூரம் வரை தரை அரைவட்டமாகத் தேய்ந்து, புல் பூண்டு இல்லாமல் மழமழவென்று ஆகியிருந்தது. கழுத்துப்பட்டையைக் குட்டியாக இருந்தபோது மாட்டியிருக்க வேண்டும். நாய் வளர்ந்துவிட்டது, பட்டையைத் தளர்த்த யாருக்கும் நினைவு வரவில்லை. அது தோலை அறுத்துக்கொண்டு உள்ளே போய், மேலே சதை மூடி, எது பட்டை எது சதை என்றே தெரியாமல் இருந்தது. நாங்கள் நெருங்கியபோது நாய் குரைக்கவில்லை; வாலை ஆட்டவில்லை; விலகி ஓடவும் முயலவில்லை. சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டது, அவ்வளவுதான்.

என்னோடு வந்த ஒருவர், கொண்டுவந்திருந்த உணவை மொத்தமாக அதன் முன்னால் கொட்டப் போனார். மீட்புப் பணியில் பல ஆண்டுகள் பழகிய இன்னொருவர் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, ஒரு கைப்பிடியை மட்டும் எடுத்து வைத்தார். எலும்பும் தோலுமாகக் கிடக்கும் உயிருக்கு அளந்து போடுகிறாரே, இவருக்கு ஈரமே இல்லையா என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு அந்தக் கைப்பிடிக் கணக்குக்குப் பின்னால் இருக்கும் காரணம் தெரிந்தபோதுதான், நாய் மீட்பில் நல்ல மனம் படைத்தவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் ஒரே வேரிலிருந்து முளைப்பவை என்பது புரிந்தது. அந்த வேர் அவசரம்.

பட்டினியைத் தாங்கிய உடல் சாப்பாட்டைத் தாங்காது

உணவு கிடைக்காத உடல் முதலில் கல்லீரலில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையைச் செலவழிக்கிறது. ஓரிரு நாட்களில் அது தீர்ந்துவிடும். அடுத்துக் கொழுப்பு, அதோடு சேர்ந்து தசை. வாரக்கணக்கில் இப்படித் தன்னைத் தானே தின்று வாழும் உடல், தன் இயக்கத்தையே மாற்றிக்கொள்கிறது. இன்சுலின் சுரப்பு குறைகிறது. இதயத் துடிப்பு மட்டுப்படுகிறது. செல்களுக்குள் இருந்த பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றின் இருப்பு மெல்ல மெல்லக் கரைகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த நேரத்தில் ரத்தப் பரிசோதனை செய்தால் இவற்றின் அளவு ஏறக்குறைய சரியாகவே காட்டும். கல்லாப்பெட்டியில் சில்லறை இருக்கிறது, கிடங்குதான் காலி.

இந்த நிலையில் வயிறு நிறைய, அதிலும் மாவுச்சத்து மிகுந்த உணவு போனால், இன்சுலின் திடீரென்று பொங்குகிறது. காய்ந்து கிடந்த செல்கள் ரத்தத்திலிருந்து சர்க்கரையோடு சேர்த்துப் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் உறிஞ்சிக்கொள்கின்றன. ரத்தத்தில் மிச்சமிருந்ததும் போய்விடுகிறது. பாஸ்பேட் இல்லாவிட்டால் செல்களுக்கு ஆற்றலை உண்டாக்க வழியில்லை. சிவப்பணுக்கள் உடைகின்றன, மூச்சுத் தசைகள் தளர்கின்றன, இதயத் துடிப்பு தாளம் தப்புகிறது. இது சாப்பிட்டவுடன் நடப்பதில்லை, பெரும்பாலும் அடுத்த சில நாட்களுக்குள் நடக்கிறது. அதனால்தான் "நன்றாகச் சாப்பிட்டது, எழுந்து நடந்தது, மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் செத்துக் கிடந்தது" என்று சொல்பவர்கள், கொன்றது உணவு என்பதைக் கடைசிவரை சந்தேகிப்பதே இல்லை.

மருத்துவம் இதை மனிதர்களிடம் கற்றது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் சிறை முகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்ட, எலும்புக்கூடாக மெலிந்திருந்த கைதிகளில் பலர், விடுதலை கிடைத்து உணவும் கிடைத்த பிறகு இறந்தார்கள். தொற்றுநோய்களும் சேர்ந்துகொண்டன, ஆனால் உணவே சிலரை வீழ்த்தியது என்பதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மறு உணவூட்டல் நோய்க்குறி என்று இன்று அழைக்கப்படும் இது, நாயின் உடலிலும் இதே பாதையில்தான் போகிறது.

ஆகவே கணக்கு. ஓய்வில் இருக்கும் நாய்க்கு ஒரு நாளைக்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதற்குக் கால்நடை மருத்துவத்தில் ஒரு சூத்திரம் இருக்கிறது: எடையைக் கிலோவில் எடுத்து, 0.75 அடுக்குக்கு உயர்த்தி, 70ஆல் பெருக்க வேண்டும். 10 கிலோ நாய்க்கு இது சுமார் 394 கிலோ கலோரி. கடுமையாகப் பட்டினி கிடந்த நாய்க்கு முதல் நாள் இதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை, அதாவது 100 முதல் 130 கிலோ கலோரி மட்டுமே தருவது வழக்கம். அதையும் நான்கைந்து வேளையாகப் பிரித்து, மாவுச்சத்தைக் குறைத்து, புரதமும் கொழுப்பும் உள்ள உணவாகக் கொடுக்கிறார்கள். பிறகு பல நாட்களில் படிப்படியாக முழு அளவுக்கு ஏற்றுகிறார்கள். இடையிடையே ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துக்கொள்கிறார்கள். இந்தக் கணக்குக்கு நாய் இப்போது இருக்கும் எடையைத்தான் எடுக்க வேண்டும், இருந்திருக்க வேண்டிய எடையை அல்ல. ஆசையில் பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

எல்லா மெலிந்த நாய்க்கும் இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மெலிவை அளக்க மருத்துவர்கள் 1 முதல் 9 வரை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 4, 5 என்றால் சரியான உடல். 1 என்றால் விலா, முதுகெலும்பு, இடுப்பெலும்பு எல்லாம் தூரத்திலிருந்தே தெரியும். கொழுப்பு துளியும் இல்லாமல் தசையும் கரைந்திருக்கும். வீட்டிலேயே பார்க்க எளிய வழி கை. விலாவைத் தடவும்போது முறுக்கிய முஷ்டியின் கணுக்களைத் தொடுவது போல இருந்தால் மெலிவு. விரித்த புறங்கையைத் தடவுவது போல இருந்தால் சரி. அடர்ந்த முடி உள்ள நாயைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யவே கூடாது. புசுபுசுவென்று தெரியும் முடிக்கு அடியில் வெறும் எலும்பு இருப்பதைக் கண்டு திடுக்கிட்டவர்கள் ஏராளம். மெலிந்ததெல்லாம் பட்டினியாலும் அல்ல. குடற்புழு, சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, கடிக்க முடியாதபடி அழுகிய பற்கள் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

முதல் மணி நேரம்

குளிப்பாட்டத் துடிக்கும் கையைக் கட்டிப்போடுங்கள். மெலிந்த நாய்க்கு உடல் வெப்பத்தைக் காக்கக் கொழுப்பு இல்லை. நாற்றம் நமக்குத்தான் பிரச்சினை, அதற்கு இல்லை. ஆரோக்கியமான நாயின் உடல் வெப்பம் ஏறக்குறைய 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை, அதாவது நம்மைவிடச் சற்றுக் கூடுதல். தொட்டால் சில்லென்று இருக்கும் நாய்க்கு உணவுக்கு முன்னால் தேவை கதகதப்பு. அடுத்தது, உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு காகிதம் போல வெளுத்திருந்தால் ரத்தசோகை. உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் கொக்கிப்புழுவும் சேர்ந்து ஒரு நாயின் ரத்தத்தைக் குடித்தே தீர்த்துவிட முடியும்; குட்டியானால் இன்னும் சீக்கிரம். இது மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடும் விஷயம் அல்ல.

வலிக்கிறதே பாவம் என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையோ இபுபுரூஃபனையோ கொடுத்துவிடக் கூடாது. இபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும்; பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். சொறிக்கு இயந்திர எண்ணெய் பூசுவதும் இந்த ரகம்தான். தோல் வழியாக உள்ளே போவது போதாதென்று, நாய் அதை நக்கியும் தொலைக்கும்.

புதைந்த கழுத்துப்பட்டையை நாங்கள் தொடவில்லை. மயக்க மருந்து கொடுத்து, முடியை மழித்து, மருத்துவர் அதை வெட்டி எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பட்டையின் கொக்கி இருந்த இடத்தில் கட்டை விரல் நுழையும் பள்ளம். அதற்குள் புழுக்கள் நெளிந்தன. ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வெளிவந்துவிடும் என்பதால், நேற்று வெறும் புண்ணாக இருந்தது இன்று குடைந்த குழியாக இருப்பதில் வியப்பில்லை. வெட்டி எடுத்த பட்டையை மருத்துவர் ஒரு தட்டில் போட்டார். அதன் நிறம் ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும் போல.

நீள முடி நாய்களில் இதே வேலையைச் சிக்கு செய்கிறது. மாதக்கணக்கில் வாராத முடி, கம்பளம் போலக் கெட்டிப்பட்டுத் தோலை எல்லாப் பக்கமும் இழுத்துக்கொண்டிருக்கும். காலைச் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். இதைக் கத்தரிக்கோலால் வெட்டப் போகிறவர்கள், சிக்கோடு சேர்ந்து மேலே வந்திருக்கும் தோலையும் வெட்டிவிடுகிறார்கள். மின்சார மழிப்பான்தான் இதற்குச் சரியான கருவி. பெரிய சிக்கு என்றால் மயக்கத்தில் வைத்துத்தான்.

சொறி என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது இரண்டு வேறு பூச்சிகளின் வேலை. ஒன்று சார்கோப்டஸ்: தோலுக்குள் வளை தோண்டும், அரிப்பு உயிரை எடுக்கும், பிற நாய்களுக்கு ஒட்டும், நமக்கும் ஒட்டும், ஆனால் மனிதத் தோலில் அதனால் தொடர்ந்து பெருக முடியாது. மற்றது டெமோடெக்ஸ்: தாயிடமிருந்து குட்டிக்கு முதல் நாட்களிலேயே வந்து, மயிர்க்கால்களில் சிறு எண்ணிக்கையில் சாதுவாக வாழும், உடல் நலிந்து எதிர்ப்பாற்றல் குறையும்போது மட்டும் பெருகி முடியை உதிர்க்கும். இது ஒட்டாது. நாய் மேனியெல்லாம் வழுக்கையாக இருப்பதைப் பார்த்து ஊரே ஒதுங்கிப் போகும். உண்மையில் அந்த நாயைத் தைரியமாகத் தொடலாம். எது என்பதைத் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சொல்ல முடியும். 2014ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்த புதிய வகை உண்ணி மாத்திரைகள் இரண்டையும் அழகாகக் குணப்படுத்துகின்றன. வலிப்பு வரலாறு உள்ள நாய்களுக்கு மட்டும் அவற்றை யோசித்துக் கொடுக்க வேண்டும். பழைய ஐவர்மெக்டின், கோலி போன்ற சில மேய்ப்பு இனங்களின் மூளைக்குள் புகுந்து ஆளையே சாய்த்துவிடும். காரணம் ஒரு மரபணுக் குறை என்று 2001இல் கண்டுபிடித்தார்கள்.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால், புதிதாக வந்ததை இரண்டு வாரமாவது தனியறையில் வையுங்கள். 1978இல் உலகெங்கும் பரவத் தொடங்கிய, நாயின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ், மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். கைக்குப் பூசும் ஆல்கஹால் திரவத்துக்கு அது அசையாது, பிளீச்சுக்குத்தான் அடங்கும். டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோயும் உள்ளே பதுங்கியிருந்து தாமதமாகத் தலைகாட்டும். வெறிநோயைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை, ஆனால் அதில் மட்டும் தாமதம் கூடாது: கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அறிகுறி வந்துவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. நாயை 10 நாள் கவனித்துவிட்டுப் பிறகு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருப்பது முட்டாள்தனம். கவனிப்பும் ஊசியும் ஒரே நாளில் தொடங்க வேண்டியவை.

இன்னொன்று: கைவிடப்பட்டது என்று நாம் முடிவு கட்டும் நாய் தொலைந்துபோன நாயாகவும் இருக்கலாம். பயந்து ஓடி, மாதக்கணக்கில் அலைந்த செல்ல நாயும் பார்க்க அப்படியேதான் இருக்கும். தோளுக்கு இடையில் மைக்ரோசிப் இருக்கிறதா என்று ஸ்கேனரை ஓட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். 15 இலக்க எண் ஒன்று திரையில் வந்து, தேடித் தேடி ஓய்ந்த குடும்பம் ஒன்றின் கதவைத் தட்டியதுண்டு.

நன்றாக இருக்கும்போது வரும் ஆபத்து

இதயப்புழு என்று ஒரு நோய். கொசு கடித்துப் பரவும் இந்தப் புழுவில் பெட்டை 30 செண்டிமீட்டர் வரை வளரும். நுரையீரல் ரத்தக் குழாய்களிலும் இதயத்திலும் ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை வாழும். கவனிப்பாரற்று வெளியிலேயே கிடந்த நாய்களில் இது அடிக்கடி தென்படுகிறது. சிகிச்சை இருக்கிறது. ஆனால் மருந்து புழுவைக் கொன்ற பிறகுதான் மெய்யான அபாயம் தொடங்குகிறது. செத்த புழு துண்டு துண்டாகச் சிதைந்து ரத்த ஓட்டத்தோடு போய் நுரையீரலின் சிறு குழாய்களில் அடைத்துக்கொள்கிறது. நாய் ஓடினால், குதித்தால், உற்சாகத்தில் துள்ளினால் ரத்த ஓட்டம் கூடி அந்த அடைப்பு உயிரைக் குடிக்கும்.

அதனால் மருத்துவர்கள் இதை மாதக்கணக்கில் இழுக்கிறார்கள். முதலில் ஒரு மாதம் ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் புழுவையும் அதற்குள் வாழும் பாக்டீரியாவையும் பலவீனப்படுத்துகிறார்கள். பிறகு மெலார்சோமின் என்ற ஆர்சனிக் மருந்தின் முதல் ஊசி. ஒரு மாதம் கழித்து ஒரு நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு. நோய் தெரிந்த நாளிலிருந்து கடைசி ஊசிக்குப் பிறகு ஆறு முதல் எட்டு வாரம் வரை நாய் அடங்கிக் கிடக்க வேண்டும். சிறுநீர் கழிக்கக்கூடக் கயிற்றில் பிடித்துத்தான். இந்த இடைவெளியில்தான் நாய்க்கு உடம்பு தேறுகிறது, எடை ஏறுகிறது, கண்ணில் ஒளி வருகிறது. வாழ்நாளில் முதல்முறையாக ஓட வேண்டும் என்று அதற்குத் தோன்றும் நேரத்தில் நாம் அதைக் கூண்டில் வைக்க வேண்டும். பார்ப்பவர்கள் திட்டுவார்கள். பதறிய காரியம் சிதறும் என்பதை இந்த ஊசிகளைப் போல வேறெதுவும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

சுவரைப் பார்த்துக் கிடக்கும் நாய்

உடல் கணக்கில் அடங்கும். மனம் அடங்காது. குரைக்காமல், கடிக்காமல், எங்கே வைத்தால் அங்கேயே கிடக்கும் நாயைப் பார்த்து "எவ்வளவு சாது" என்கிறோம். அது சாதுத்தனம் அல்ல.

1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை. சில நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்த பலகையைத் தலையால் தள்ளினால் அது நின்றுவிடும். வேறு சில நாய்களுக்கும் அதே அளவு அதிர்ச்சி. ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது. பிறகு எல்லா நாய்களையும் எளிதாகத் தாண்டிக் குதிக்கக்கூடிய தடுப்பு உள்ள பெட்டியில் விட்டார்கள். முதல் கூட்டம் தாண்டித் தப்பியது. இரண்டாம் கூட்டத்தில் பெரும்பாலானவை தாண்ட முயலவே இல்லை. முனகிக்கொண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு படுத்துக் கிடந்தன. கற்றுக்கொண்ட கையறுநிலை என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். உளவியல் பாடப் புத்தகங்களில் எல்லாம் ஏறிய கருத்து.

ஆனால் இந்தக் கதையின் பின்பாதி அவ்வளவாக யாருக்கும் தெரியாது. சுமார் ஐம்பது ஆண்டு கழித்து, 2016இல், அதே இருவரும் மூளையியல் சான்றுகளை வைத்துத் தங்கள் முடிவைத் தலைகீழாக்கினார்கள். நீண்ட துன்பத்தில் உடல் முடங்கிப்போவது கற்றுக்கொள்வது அல்ல. அதுதான் இயல்பான முதல் எதிர்வினை. கற்றுக்கொள்ள வேண்டியது வேறு: நான் செய்தால் ஏதாவது மாறும் என்பது.

மீட்ட நாயோடு வாழ்பவருக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி கிடையாது. அன்பைக் கொட்டுவதல்ல வேலை. அந்த நாய் ஏதாவது செய்தால் அதற்கு நீங்கள் பதில் சொல்கிறீர்கள் என்று அதற்குத் தெரியவைப்பதுதான் வேலை. அது விலகினால் நீங்களும் விலக வேண்டும். அது நெருங்கினால் மட்டும் கை நீள வேண்டும். மடியில் தூக்கி வைத்து, கட்டிப்பிடித்து, "பயப்படாதே" என்று முத்தமிடும் அன்பு, பயந்த நாயின் பார்வையில் பழைய சங்கிலியின் இன்னொரு வடிவம். அசையாமல் கிடக்கிறதே என்று நாம் மகிழ்கிறோம். அது சங்கிலியிலும் அப்படித்தான் கிடந்தது.

பயத்தை இறக்கும் முறை பழையது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு நடுங்கும் ஒரு சிறுவனின் பயத்தைப் போக்கியதைப் பதிவு செய்தார். பையன் பிடித்த தின்பண்டத்தைச் சாப்பிடும்போது முயல் கூண்டை அறையின் தொலைவான மூலையில் வைத்தார். அவன் கலங்காத அளவுக்கு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்தார். கடைசியில் அவனே முயலைத் தடவினான். இந்த முறையில் முயலைவிடவும் தின்பண்டத்தைவிடவும் முக்கியம் தூரம். பயம் தொடங்கும் எல்லைக்கு வெளியிலேயே இருந்தால்தான் கற்றல் நடக்கும். எல்லையைத் தாண்டி இழுத்துப் போனால் நாய்க்குப் பயம்தான் பழகும்.

எங்கள் நாய்க்கு அந்த எல்லை ஒன்பது அடியாக இருந்தது. நான் அறையில் அதைவிடக் கிட்டத்தில் இருந்தால் உணவைத் தொடாது. கிண்ணத்தை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்பதடி தள்ளி, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன். நக்கும் சத்தம் கேட்கும்வரை பக்கத்தைத் திருப்ப மாட்டேன். திருப்பினால் அந்தக் காகிதச் சரசரப்புக்கே நிறுத்திவிடும். தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தேன். நாளுக்கு ஒரு சாண் நெருங்கலாம் என்பது திட்டம். ஏழாம் நாள் அவசரப்பட்டு ஒரே தாவலில் மூன்று சாண் நெருங்கினேன். அது அன்று சாப்பிடவில்லை, மறுநாளும் இல்லை. மறுபடி ஒன்பதடிக்குப் போனேன். பதினோராம் நாள்தான் அதற்குச் செம்பி என்று பெயர் வைக்கத் தோன்றியது. அதுவரை "அது"தான்.

மூன்று நாளில் பதற்றம் அடங்கும், மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் இது தன் வீடு என்று உணரும் என்று ஒரு சூத்திரம் உலவுகிறது. ஆய்வு எதிலிருந்தும் பிறந்ததல்ல; ஆனாலும் பொறுமைக்கு ஒரு கைத்தடி. காப்பகத்துக்கு வரும் நாய்களின் ரத்தத்தில் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் முதல் மூன்று நாட்கள் உச்சத்தில் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன என்பதால், முதல் மூன்றுக்கு மட்டும் கொஞ்சம் ஆதாரம் உண்டு. மூன்று மாதத்தில் மாறாத நாய் மாறவே மாறாது என்று இதைத் தலைகீழாகப் படிப்பவர்கள்தான் பிரச்சினை. குட்டிப் பருவத்தில், ஏறத்தாழ 3ஆம் வாரத்திலிருந்து 12, 14ஆம் வாரம் வரை, மனிதர்களையே பார்க்காமல் வளர்ந்த நாய்க்கு நாம் புதிதாக அறிமுகமாகிறோம். அடிவாங்கிய நாய்க்கு இழந்த நம்பிக்கை திரும்ப வேண்டும். இதற்கோ இல்லாததை உண்டாக்க வேண்டும். பல சமயம் இரண்டாவதுதான் கடினம்.

முடியாது என்று கைகழுவப்பட்ட நாய்கள் தேறியதற்குச் சான்று உண்டு. 2007இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக்கின் நாய்ச்சண்டைக் கூடத்திலிருந்து ஐம்பதையொட்டிய நாய்கள் கைப்பற்றப்பட்டன. சண்டை நாய்களை ஒட்டுமொத்தமாகக் கொன்றுவிடுவதுதான் அதுவரை வழக்கம். இம்முறை ஒவ்வொன்றையும் தனித்தனியே பரிசோதித்தார்கள். மூர்க்கம் காரணமாகக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது ஒன்றை மட்டுமே. 22 நாய்கள் யூட்டா மாநிலத்தில் உள்ள ஒரு காப்பகத்துக்குப் போயின; அவற்றில் பல பின்னாளில் வீடுகளில் வாழ்ந்தன. பயந்து ஒடுங்கிய நாய்களுக்கென்றே வட கரோலினா மாநிலத்தின் வீவர்வில்லில் 2018இல் தொடங்கப்பட்ட ஒரு மறுவாழ்வு மையமும், அங்கு வரும் பெரும்பான்மை நாய்களைத் தத்துக்குத் தகுதியாக்கி அனுப்புகிறது. எல்லா நாயையும் அல்ல. தீராத வலியிலோ, தானும் நிம்மதியின்றிப் பிறரையும் இருக்கவிடாத பயத்திலோ கிடக்கும் நாய்க்கு மருத்துவர் கருணைக்கொலை பற்றிப் பேசினால், அதைத் துரோகம் என்று கத்துவது எளிது. அந்த நாயோடு இரவுகளைக் கழித்தவர்கள் கத்துவதில்லை.

இணையத்தில் ஓடும் மீட்புக் காணொளிகளைக் குறை சொல்ல எனக்கு ஆசை. முதல் நிமிடத்தில் குப்பைமேட்டில் நடுங்கும் நாய். இரண்டாம் நிமிடத்தில் இசையோடு புல்வெளியில் ஓடும் நாய். நடுவில் வெட்டி எறியப்பட்டது தொண்ணூறு நாள். நாயைத் தத்தெடுப்பவர்கள் அந்த இரண்டாம் நிமிடத்தை எதிர்பார்த்து வருகிறார்கள். இரண்டாம் வாரத்தில், பயம் கொஞ்சம் தெளிந்த நாய் முதல்முறையாகச் செருப்பைக் கடிக்கும்போது, வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும்போது, விருந்தாளியைப் பார்த்துக் குரைக்கும்போது, "முதலில் எவ்வளவு சாதுவாக இருந்தது, இப்போது கெட்டுப்போய்விட்டது" என்று திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள். கெட்டுப்போகவில்லை. அது இப்போதுதான் நாயாக ஆரம்பிக்கிறது.

முதல் நாட்களில் ஓடிப்போவதும் அதிகம். வாசல் மணி, பட்டாசு, கீழே விழுந்த பாத்திரம் என்று எதுவும் போதும். ஓடிய நாய்க்கு உங்கள் வீடு வீடு என்றே இன்னும் தெரியாது; கூப்பிட்டால் வராது; துரத்தினால் இன்னும் வேகமாக ஓடும். கழுத்தில் ஒன்று, மார்பு வாரில் ஒன்று என்று இரண்டு கயிறு கட்டிச் சில வாரம் வெளியே அழைத்துப் போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

உறுமலைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நாய் உறுமினால் அதட்டுவது நமக்குப் பழக்கம். நாய் பேசும் மொழியில் உறுமல் கிட்டத்தட்டக் கடைசி வாக்கியம். அதற்கு முன்பே அது பலவற்றைச் சொல்லிவிட்டிருக்கும்: உதட்டை நக்கியிருக்கும், தூக்கமில்லாமலே கொட்டாவி விட்டிருக்கும், முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாக உருட்டி வெள்ளை விழி தெரியப் பார்த்திருக்கும், உடம்பை விறைத்திருக்கும். வாலை ஆட்டியும் இருக்கலாம். விறைத்து நிமிர்ந்து விட்டுவிட்டு ஆடும் வால் மகிழ்ச்சியில் ஆடுவதல்ல. இவற்றையெல்லாம் நாம் படிக்கத் தவறிய பிறகுதான் உறுமுகிறது. உறுமியதற்குத் தண்டனை வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாது. எச்சரிக்கையே இல்லாமல் கடித்துவிட்டது என்கிறார்களே, அந்த நாய் இப்படித்தான் உருவாக்கப்படுகிறது.

செம்பி ஐந்து மாதம் உறுமவே இல்லை. கழுத்துப் புண் ஆறி, அந்த இடத்தில் முடியில்லாத ஒரு வளையம் மட்டும் மிஞ்சியிருந்தது. ஊசி போட்டாலும், நகம் வெட்டினாலும், காதைச் சுத்தம் செய்தாலும் சுவரைப் பார்த்து நின்றுகொள்ளும். நல்ல நாய் என்று மருத்துவர்கூடச் சொன்னார். ஐந்தாம் மாதக் கடைசியில் ஒரு மாலை, இடது காதில் சீழ் இருக்கிறதா என்று பார்க்க மடலைத் தூக்கினேன். அதன் தொண்டைக்குள்ளிருந்து தாழ்வாக, தடுமாறிக்கொண்டு, தனக்கே பழக்கமில்லாதது போல ஒரு சத்தம் வந்தது. நான் கையை எடுத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். அது என்னைப் பார்த்தது, சுவரை அல்ல. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம். பிறகு அது தலையைத் தரையில் வைத்துக்கொண்டு, அந்தக் காது மேலே தெரியும்படி சாய்ந்து படுத்தது. அன்று நான் காதைத் தொடவில்லை.